கப்பலில் போன நிரூபணம்

நேற்று கொச்சி ஜூ டவுனில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, என் பழைய மாணவன் ஒருவன் தன் ஆய்வுக் கட்டுரையைப் போனிலிருந்தே வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினான். "போயிடுச்சு சார்" என்றான். என் சாயா ஆறக்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்துக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சுக்கைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அந்த வாசம் வேறு. என் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், இங்கே மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். எங்கள் வீட்டில் சட்டை, சோறு, என் நோட்டு எல்லாமே சுக்கு மணக்கும். எழுபதுகளின் கடைசியில், அந்தக் கிடங்கின் மாடியில் உட்கார்ந்துதான் என் நிரூபணத்தை எழுதி முடித்தேன். என் துறை கணிதத் தர்க்கம். ஒரு வகைக் கணக்குகளுக்கு விடை உண்டா இல்லையா என்று சொல்ல எந்தப் பொதுவழியும் இருக்க முடியாது என்பதே நான் நிரூபித்தது. மூன்று வருஷ உழைப்பு. போட்ட தும்மல்கள் தனி.

அப்போது எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் நான். எது வெளியே போனாலும் துறைத்தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் பாலக்காட்டுத் தமிழர். உறையில் நான் ஒட்டியிருந்த விமானத் தபால் சீட்டை நகத்தாலேயே கிழித்தார்.

"இதென்ன கணக்காடா? வெறும் வாய்ச்சண்டை. கப்பல்ல போகட்டும். அழுகியா போயிடும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அத்தாவிடம் சொன்னதும், சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார். "கப்பலா? நம்ம சுக்கே போய்ச் சேர மூணு மாசம் ஆவுதுடா. இன்னொரு காப்பி இருக்கில்ல? அதை நீயே ப்ளேன்ல போடு."

"ஹெட்டுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் அத்தா."

"அந்த ஆளு ஒனக்கு வேலைதான் தந்தான். அறிவையுமா தந்தான்?"

கார்பன் நகலை உறையிலிட்டு முகவரி எழுதினேன். தபாலாபீஸ் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். என் வேலை நீட்டிப்பில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதே முடிவை வேறொருவர் முந்திக்கொண்டு அனுப்பிவிட்டாராம். இதழில் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அது வந்து சேர்ந்த தேதியை அச்சிடுவார்கள். யார் முதல் என்பதற்கு அதுதான் சாட்சி. அவருடையது வந்து சேர்ந்த அன்று என்னுடையது நடுக்கடலில் இருந்தது. கடிதத்தைப் படித்த துறைத்தலைவர், "யார் கண்டுபிடிச்சா என்னடா, உண்மை உண்மைதானே" என்றார். பாவி.

வேலை நிரந்தரமானது. எண்பதுகள் முழுக்க அந்தத் தேற்றத்தை, முந்திக்கொண்ட அந்த மனிதரின் பெயரைச் சொல்லியே கரும்பலகையில் எழுதினேன். வருஷம் தவறாமல் சாக்பீஸ் உடைந்தது. மாணவர்கள் எனக்குக் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிடங்கு இப்போது பழம்பொருள் கடை. அத்தா இல்லை. துறைத்தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், திட்டுவதற்குக்கூட ஆளில்லை. அந்த இரண்டாவது உறை மட்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, தபால்தலையெல்லாம் ஒட்டி. அதைப் போடாதே என்று எந்தத் துறைத்தலைவரும் என்னிடம் சொல்லவில்லை.