ஜெபக் கூட்டத்தில் வாங்கிய கைதட்டல்

முட்டாள்கள் சங்கம் தொடங்கினால் தலைவர் பதவிக்குப் போட்டியே இருக்காது, நான் இருக்கிறேன்.

நான் திருநெல்வேலிக்காரன். திருப்பூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறேன். களப்பணிக்காகத் திருப்பூரின் மண்ணரைப் பகுதியில் சந்தித்த பனியன் கம்பெனி அக்கா ஒருவர் தன் கணவரைப் பற்றி மனம்விட்டுச் சொன்னார்: "குடிச்சுப்போட்டு வந்து அடிப்பாருங்க. அப்பறம் சோறு கேப்பாருங்க."

அடிக்கிறவருக்கும் இத்தனை மரியாதையா என்று எனக்கு வேடிக்கை. திங்கட்கிழமை ஜெபக் கூட்டத்தில் களப்பணி அனுபவம் சொல்லும் முறை எனக்கு வந்தது. பெயரைச் சொல்லாமல், அந்த அக்காவின் குரலிலேயே பேசிக் காட்டினேன். ஒரே சிரிப்பு, கைதட்டல். முதலாண்டு மாணவி ஒருத்தி மட்டும் அழுதபடி வெளியேறினாள். அவள் அந்தப் பனியன் கம்பெனி அக்காவின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. படிப்பே வேண்டாம் என்றாளாம். கூனிக்குறுகி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"பேரைச் சொல்லலியே அக்கா" என்று இழுத்தேன்.

மகள்தான் கேட்டாள்: "எங்கம்மா கொரலு எனக்குத் தெரியாதுங்களாண்ணா?"

இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் வகுப்புக்குத் திரும்பினாள். இப்போதெல்லாம் ஒருவர் கதையை அவரிடம் கேட்காமல் எங்கும் சொல்வதில்லை. இதை எழுதவும் அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கங்க தம்பி, நடிச்சு மட்டும் காட்டாதீங்க."