கண்ணாடி போடாத பல்கனி

நான் பிறந்தது பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே காலையில் பல் தந்தியடிக்கும். சும்மா கிடைத்த அந்தக் குளிரை விட்டுவிட்டு இரத்தினபுரிக்கு இறங்கி வந்து, மெசினில் குளிரைச் செய்து விற்றுப் பிழைத்தவன் நான். எங்கள் தோட்டத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. இப்போது முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை. ஏசி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1. கீழே குளிர், மேலே அடுப்பு

மாணிக்கக் கல் வியாபாரத்தில் நன்றாக வந்த ஒரு தமிழ் முதலாளி ஊருக்கு வெளியே பெரிய வீடு கட்டினார். முன்கதவைத் திறந்தால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே ஹோல், கல் கொண்டு வருபவர்களை உட்கார வைக்கும் கூடம். கதவுக்கு மேலே கூரை வரை திறக்க முடியாத கண்ணாடி. ஹோலின் பின்பக்கம் மேல்மாடியில் ஒரு பல்கனி, அதை ஒட்டி அவருடைய மனைவியின் அறை.

"கதவத் தொறந்தா வர்றவங்க மொகத்துல குளிர் அடிக்கணும் பாஸ்," என்பதுதான் அவர் எனக்குப் போட்ட ஒரே கட்டளை. எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்த எல்லாரும் பாஸ்தான். இடத்தின் அளவுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று பிடியூ கணக்குப் பார்த்து இரண்டு பெரிய மெசின் போட்டுக் கொடுத்தேன். குளிர் நன்றாகவே அடித்தது. கல் கொண்டு வந்தவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஆனால் குளிர்ந்த காற்று கனம், கீழேயே தங்கிவிடும். சூடு மேலே ஏறிக் கூரைக்கடியில் நிற்கும். கண்ணாடி வழியாக வந்த வெயிலும் சேர்ந்து அந்தப் பல்கனியை அடுப்படி ஆக்கிவிட்டது. அப்போதுதான் நாங்கள் அம்மா என்று கூப்பிடும் முதலாளியின் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து, படி இறங்க முடியாமல் போயிற்று. அறைக்குள்ளேயே புழுங்கிக்கொண்டு கிடந்தார்.

முதலாளி என்னை மறுபடி கூப்பிட்டார். பல்கனியைக் கண்ணாடியால் முழுக்க அடைத்து, அம்மாவின் பக்கம் தனி மெசின் போடச் சொன்னார். தொழில்படி அதுதான் சரியான வழி, நானும் தலையாட்டினேன். கண்ணாடிக்கு அளவெடுத்து, கைப்பிடி ஓரமாகப் பென்சில் கோடும் போட்டாயிற்று.

2. அம்மா சொன்னது

மெசினுக்குச் சுவரில் துளை போடப் போனபோது அம்மா என்னை மெல்லக் கேட்டார்.

"தம்பி, கண்ணாடி போடாம சூட்ட மட்டும் எடுக்க முடியாதா?"

ஏன் என்று கேட்டேன். பழைய கடைவீதிக் கடையிலும் முதலாளி வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்து உட்காருவாராம். அம்மா பின்னால் கல்லாவில் இருப்பார். கல் கொண்டு வந்தவர் உள்பக்கம் பார்த்து உட்காருவதால் அவர் முகம் அம்மாவுக்கு நேராகத் தெரியும்.

"கல்ல அவரு பாப்பாரு. கொண்டு வந்த ஆள நான் பாப்பேன். நம்பலாம்னா வளையல ஒரு தட்டு. வேண்டாம்னா ரெண்டு. அவரு திரும்பவே மாட்டாரு, காது மட்டும் இங்க இருக்கும். இந்த வீட்டுக்கு வந்தும் இந்தக் கைப்பிடியில தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். படுத்ததுல இருந்து இல்ல."

முதலாளியிடம் நீங்களே சொல்லலாமே என்றேன்.

"என் ஒடம்புக்குன்னு ஆசையா செய்றாரு தம்பி. வேணாம்னு எந்த வாயால சொல்றது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் புருஷன் பெண்சாதி நடுவில் ஏசிக்காரன் என்ன பேச முடியும்? துளையைப் போட்டேன்.

3. இரண்டு தட்டு

கண்ணாடி வந்து போர்ட்டிக்கோவில் இறங்கிய அன்று நான் பல்கனியில் ஏணி மேல் இருந்தேன். கீழே நன்றாக உடுத்திய ஒருவர், மடித்த வெள்ளைத் தாளைப் பிரித்து ஒரு நீலக்கல்லை வைத்தார். இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசினார்கள். முதலாளி கல்லை விரலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

அறைக் கதவு திறந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பல்கனிக்கு வந்தார். அந்தச் சூட்டில் நாலடி நடப்பதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. வந்தவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பிடியில் வளையலைத் தட்டினார். ஒன்று. இரண்டு.

முதலாளியின் கை அப்படியே நின்றது. திரும்பவில்லை. கல்லைத் தாளில் வைத்து மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கல் நல்லதா, போலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

வந்தவர் போனதும் முதலாளி படியேறி வந்தார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தார்.

"பாஸ், கண்ணாடி போட்டா இந்தச் சத்தம் கீழ கேக்குமா?"

"கேக்காதுங்க ஐயா."

"அப்ப வேற வழி சொல்லுங்க."

கூரைக்கடியில் சுவரை உடைத்து எக்சோஸ்ட் பேன் வைத்துச் சூட்டை வெளியே தள்ளலாம், வெயில் படும் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டலாம், புது மெசினை நாற்காலிக்கு நேராக வைக்கலாம் என்றேன். ஆனால் பேன் ஓடினால் ஹோலில் பழைய குளிர் இருக்காது, முகத்தில் அடிக்காது என்றும் சொன்னேன்.

"வர்றவன் கொஞ்சம் வேர்க்கட்டும்," என்றார் முதலாளி. அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

4. இப்போது

அம்மா காலமாகிவிட்டார். மற்ற வீடுகளுக்கு ஆள் அனுப்பினாலும் அந்த வீட்டுச் சர்வீசுக்கு நானே போய்க் கீழே நின்று வேலை வாங்குகிறேன். போன தடவை, பல்கனியில் யாருமில்லையே, கரண்ட் பில் வேறு கையைக் கடிக்கிறதே, மேல் மெசினை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன்.

"ஓடட்டும் பாஸ்," என்றார்.

அன்று ஒருவர் கல் கொண்டு வந்திருந்தார். முதலாளி பார்த்து முடித்தார். விலை சொல்லாமல் வாசலைப் பார்த்தபடி காதை மட்டும் பல்கனிப் பக்கம் வைத்திருந்தார். மேலே மெசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் விலை சொன்னார்.

பிள்ளைகளே, அளவெடுக்க டேப்பை எடுப்பதற்கு முன்னால் இந்த வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேளுங்கள். நான் அந்த ஹோலுக்குப் பிறகு எந்த வீட்டிலும் அதைக் கேட்காமல் வேலை தொடங்கியதில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்பதில்லை. அம்மா சொன்ன பழைய பதிலை வைத்துக்கொண்டே சர்வீஸ் செய்கிறேன்.