ஃபேன் சத்தம் கேட்ட நாள்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டைப்பிங் வேலைக்கு நான் நம்பியிருந்த பழைய கம்ப்யூட்டர், போட்ட கொஞ்ச நேரத்திலேயே அணைந்துகொண்டிருந்தது. புதிது வாங்க வசதியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் செகண்ட்ஹேண்ட் பவர் சப்ளை வாங்கி மாட்டினேன். ரேமைக் கழற்றித் துடைத்தேன். சரியாகவில்லை. ஃபேன்தானோ என்று காதை வைத்துக் கேட்டால், ராஜபாளையம் நூல் மில்லில் வேலை முடிந்து வந்த என் மனைவி இருமிக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி, செத்த நேரம் இருமாம இரு. ஃபேன் சத்தம் கேக்கணும்ல!” என்று எரிந்து விழுந்தேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபேனைக் கழற்றினேன். அடியில் மெத்தை மாதிரி பஞ்சு. அவள் தலையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வருகிற மில் பஞ்சு.

“பஞ்சு அடைச்சு, மூச்சு முட்டித்தான் நின்னுருக்கு!” என்று துள்ளினேன்.

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பொத்திய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அடக்கிய இருமலில் தோள்கள் மட்டும் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தன.