மேகத்துக்குள் வெந்த கை

என் வலது புறங்கையில் ஐந்து வருடமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் நாலு பேரைக் கண்டால் கை தானாகத் துண்டுக்குள் போய்விடும். கையோடு பேச்சும் போய்விடும்.

போன ஆவணியில் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு குப்பனூர். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பன் இரண்டு கையையும் நீட்டியாக வேண்டும். திட்டைப் பார்த்து, நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று அவர்கள் எழுந்து போய்விட்டால்? ஆடியிலேயே சேலத்துக்குப் போய் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தடவ ஒரு மருந்து கொடுத்தார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் முறுக்குன நூலேணி மாதிரி ஒன்னு இருக்குதுங்க. இந்த மருந்து அதோட படிங்களுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும். இருட்டுல சும்மா இருக்கும். வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்குது, அது பட்டாத்தான் ஏணியோட ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பூட்டும். அளவாப் பூட்டுனா நெறம் திரும்பலாம். மீறுனா வெந்துரும். ரெண்டு நிமிஷம் வெயில் காட்டுங்க, கழுவுங்க, மூடிருங்க."

ஏணி எனக்குப் புரிந்தது. மிளகு பறிக்க ஏறுகிறவன்தானே. வெயில்தான் கிடைக்கவில்லை. எங்கள் மலையூரான தலைச்சோலையில் பத்து நாளாக மேகம் இறங்கிக் கிடந்தது. பக்கத்து வீடே தெரியவில்லை. வெயில் வந்தால் இரண்டு நிமிடம் என்றவர், வராவிட்டால் எவ்வளவு என்று சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டேன். மருந்தைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, எஸ்டேட்டில் நிழல்மரக் கிளைகளைக் கழித்துவிட்ட திறந்த மேட்டில் காலையிலிருந்து மத்தியானம் வரை குழி எடுத்தேன்.

இரண்டாம் நாள் கை சிவந்தது. மூன்றாம் நாள் கொப்புளம் திராட்சைக் குலை போலத் தொங்கியது.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மேகம் உங்க கண்ணுக்குத்தானுங்க மறைப்பு. அந்த வெளிச்சம் பாதிக்கு மேல உள்ள வந்துரும்." நிறையத் துணி சுற்றி அனுப்பினார்.

புண் ஆறுவதற்குள் நிச்சயம் வந்துவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். திட்டை மறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

"கையில என்னங்க சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், எனக்கு அது கிடையாது. "வெயில்ல வெந்துருச்சுங்க" என்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் நின்ற அவர்கள் வேன் மேகத்தில் தெரியவில்லை. வெளியே பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பந்தலே சிரித்தது. "ஊமையாட்ட உக்காந்துட்டு என்ன போடு போடறாருங்க!" என்றார் ஒருவர். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே நகைச்சுவை, சத்தியமான உண்மை. அந்தச் சிரிப்போடு தட்டு மாறியது.

சாப்பிட்டு எழுந்தபோது சம்பந்தியம்மா என் இடது கையில் தண்ணீர் ஊற்றினார். "ஏனுங்கண்ணா, அந்த வெள்ளைக்கு மருந்து போட்டீங்களா?"

"பாத்துட்டீங்களா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கேங்க. டீ குடுக்கறப்போ கைமேல துண்டப் போட்டு மூடுனீங்க. என்னடா இது, டீ கிளாசுக்கு முக்காடான்னு எல்லாருமே அங்கதான் பாத்தோம். ஊட்டுல பேசிட்டுத்தானுங்க நிச்சயத்துக்கே நாள் பாத்தது."

கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தேன். தோளில் துண்டு இல்லை. பந்தியில் யாரோ கை துடைக்க எடுத்துப் போயிருந்தார்கள்.