ஆவணியில வந்த என் கல்யாண மழை

எங்க பக்கம் மழைக்கு வருஷக் கணக்கு கெடையாது. "கம்பெனி ஷெட்டு தகரம் பறந்துச்சே, அந்தப் புயலு"ம்பாங்க. "பழவேற்காட்டுல படகு ரோட்டுக்கு வந்துச்சே, அந்த மழை"ம்பாங்க. கும்மிடிப்பூண்டி கம்பெனியில என்கூட பேக்கிங்ல நிக்கிற பொண்ணுங்க, செப்டம்பர்ல லேசா மேகம் கட்டுனாலே என்னைப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிடுவாளுங்க. "இன்னாடி, இன்னிக்கும் அரிசி தின்னியா?" அந்தச் சரித்திரத்துல என் பங்குக்கும் ஒரு புயல் இருக்கு. ஐப்பசியில வர வேண்டியது ஆவணியிலயே வந்து குதிச்சுது. அதுக்கு நான்தான் காரணமாம்.

பச்சரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்னு சொல்வாங்க இல்ல? தின்னேன். பாவாடை கட்டுன வயசுலேர்ந்து தின்னேன். அம்மா மொறத்த எடுத்துக்கினு உக்காந்தா எதிர்ல நான் உக்காந்துடுவேன். அம்மா கை மேலயே ஒண்ணு போடும். எங்கப்பாவ நாங்க நைனான்னு கூப்பிடுவோம். அவரு அம்மாவுக்குத் தெரியாம ஒரு பிடி அள்ளி, என் கையில வெச்சு மூடிடுவாரு. "தின்னுடி, கல்யாணம் எப்பவோ"ம்பாரு.

அதே நைனாதான், காட்டுப்பள்ளி கப்பல் யார்டுல வெல்டரா இருக்கறவர கட்டிக்கிறேன்னு நான் சொன்னதும் என்கூட பேசறதையே நிறுத்திட்டாரு. கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல பாத்துப் பழகுனவரு அவரு. ஊரு ஊத்துக்கோட்டை பக்கம், ஆத்துக்கு அந்தாண்ட. "பொண்ணே மாப்ள தேடிக்கினா, அப்பன்னு நான் எதுக்குடி இருக்கேன்?" இதான் நைனாவோட கோவம். அம்மா அழுது, நான் பட்டினி கெடந்து, ஒரு வழியா எறங்கி வந்தாரு. அப்பவும் மொகத்தப் பாக்காமத்தான் சொன்னாரு. "ஆவணி கடைசி முகூர்த்தத்துல முடிச்சுடு. புரட்டாசியில நம்மள்ல யாரும் தாலி கட்ட மாட்டாங்க. ஐப்பசிக்குத் தள்ளுச்சுன்னா என் மனசு மாறாம இருக்குமான்னு எனக்கே தெரியாது." வெளையாட்டுக்குச் சொல்ற ஆளில்ல அவரு.

தாலி கட்டறது எங்க ஊருக் கோயில்ல, விருந்து ஊட்டு வாசப் பந்தல்லன்னு ஏற்பாடு. மேல தார்ப்பாய் கட்டுப்பான்னு பந்தல்காரர்கிட்ட சொன்னோம். "ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழை. ஆவணியில ஏதும்மா மழை?"ன்னு சிரிச்சுக்கினே போயிட்டாரு. கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் காத்தும் மழையும் புடிச்சுது பாருங்க! விடியக்காலம் பந்தல் எதிர்ஊட்டு மொட்டை மாடியில கெடக்குது. கரண்டு இல்ல, போன்ல டவர் இல்ல. பால்காரர் நனைஞ்சுக்கினே வந்து சேதி சொன்னாரு. ஆத்துல வெள்ளமாம், தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுதாம். மாப்ள ஊட்டுக்காரங்க அந்தக் கரையில நிக்கிறாங்களாம்.

"ஐப்பசியில பாத்துக்கலாம்"னு சித்தி ஆரம்பிச்சுது. ஐப்பசின்னா எனக்குக் கல்யாணமே இல்லன்னு அர்த்தம். பட்டுப்பொடவைய இழுத்துச் சொருவிக்கினு, "நான் ஆத்தாண்ட போறேன்"னு ஷேர் ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டேன். அம்மாவும் சித்தியும் பின்னாலயே ஏற, நைனா வந்து டிரைவர் பக்கத்துல உக்காந்தாரு. என்னைத் திருப்பி இட்டுக்கினு போவ வந்தாரா, மாப்ளகிட்ட கொண்டு போயி வுட வந்தாரான்னு தெரியல.

ஆத்தங்கரைக்குப் போனா, அந்தக் கரையில எங்காளு நிக்கிறாரு. பட்டு வேட்டி, கழுத்துல மாலை, தலையில மஞ்சக்கலரு ஹெல்மெட்டு! கூட வேலை செய்யறவங்களும் அதே மாதிரி. பக்கத்துல கயிறு, லைஃப் ஜாக்கெட், பெரிய சக்கரம் வெச்ச ட்ராக்டர் எல்லாம் ரெடி. ஆனா ஒருத்தரும் ஏறக் காணோம். வரிசையா நிக்கிறாங்க. யார்டுல எந்த வேலையும் தொடங்கறதுக்கு முன்னால, எங்க எங்க ஆபத்துன்னு சூப்பர்வைசர் நிக்க வெச்சு சொல்லணுமாம். கல்யாணத்துக்கு வந்த சூப்பர்வைசர் அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு! தண்ணியக் காட்டுறாரு, டயரக் காட்டுறாரு, கயித்தக் காட்டுறாரு. இவங்க தலைய ஆட்டுறாங்க. கடைசியில எல்லாருமா சேந்து கைதட்டுறாங்க.

"யோவ்! முகூர்த்தம் போவுது, கையத் தட்டிக்கினு நிக்கிறியா? வந்து தொலைய்யா!"ன்னு கத்துனேன். ஆட்டோக்காரர் குபீர்னு சிரிச்சுட்டாரு. எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியல, வந்தது சிரிப்புதான். வந்தது நிக்கவே இல்ல. தலைப்பூ எல்லாம் நனைஞ்சு மூக்கு மேல தொங்குது, நான் வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்கிறேன். நைனா அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. அவரு தோளு குலுங்குன மாதிரி இருந்துச்சு.

ட்ராக்டர் ஆடி அசைஞ்சு கரை ஏறுச்சு. பின்னால ட்ரெய்லர்ல மாப்ளயோட அத்தை, கொண்டைப்பூ மேல ஹெல்மெட்ட மாட்டிக்கினு, தாலித்தட்டக் கட்டிப் புடிச்சுக்கினு வந்துச்சு. எறங்குன ஒடனே நைனாவப் பாத்துத்தான் கேட்டுது. "உங்க பொண்ணு அரிசி தின்ன பொண்ணாமே? நல்ல நாள்ல வெள்ளத்தக் கூட்டியாந்துட்டாளே! இது இன்னா சகுனம், சம்பந்தி?"

என் சிரிப்பு நின்னுடுச்சு. "ஆமா, சகுனம் சரியில்ல"ன்னு நைனா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் முடிஞ்சுது. அவரு எதிர்பாத்ததே இதத்தானோன்னு பயந்துட்டேன்.

நைனா துண்டால மொகத்தத் தொடைச்சாரு. "அவ தானா தின்னல சம்பந்தியம்மா. நான்தான் அள்ளி அள்ளிக் குடுத்தேன். இன்னும் ரெண்டு பிடி சேத்துக் குடுத்திருந்தா, உங்க ட்ராக்டரும் முழுவி, நீங்க எல்லாம் அந்தக் கரையிலயே நின்னிருப்பீங்க. பத்தாமப் போச்சு, இன்னா பண்றது?"

அத்தை வாயப் பொளந்துச்சு. அப்புறம் சிரிச்சுது பாருங்க, ஹெல்மெட்டு சரிஞ்சு கண்ணையே மூடிடுச்சு. இனிமே எங்க ஊருக் கோயிலுக்குப் போவ நேரம் இல்ல. நைனா சுத்தும் முத்தும் பாத்தாரு. கரையிலயே ஒரு கெங்கையம்மன் கோயில், படி வரைக்கும் தண்ணி. "இங்கயே கட்டுங்க மாப்ள"ன்னாரு. அது வரைக்கும் அவர 'அவன்'னுதான் சொல்வாரு.

தாலி கட்டக் குனிஞ்சவரு ஹெல்மெட்டால என் நெத்தியிலயே ஒரு இடி இடிச்சாரு. கழட்டலாம்னு பாத்தா, "முடியிற வரைக்கும் கழட்டாத"ன்னு சூப்பர்வைசர் சத்தம் போடுறாரு. மூணு முடிச்சும் ஹெல்மெட்டோடதான் வுழுந்துச்சு.

அட்சதை போட அரிசி இல்ல, எல்லாம் எங்க ஊருக் கோயில்ல மாட்டிக்கிச்சு. நைனா கரையோரம் இருந்த ஒரு ஊட்டுக்கு ஓடிப் போயி, துண்டுல பச்சரிசி வாங்கிக்கினு வந்தாரு. எங்க ரெண்டு பேரு தலையிலயும் போட்டாரு. துண்டுல ஒரு பிடி மீந்துச்சு. அத என் கையில வெச்சு, பழையபடி வெரல எல்லாம் மூடுனாரு.

"தின்னுடி. இனிமே இன்னா, கல்யாணம்தான் ஆயிடுச்சே."