வாசலில் வைத்த உப்பு

கப்பல் யாருக்காகவும் நிற்பதில்லை. மேல்தளத்திலிருந்து என் தம்பியை அலை வாரிக்கொண்டு போனதும், ஜப்பானின் ஒரு சின்னத் துறைமுகத்தில் என்னையும், அதே அலையில் கை முறிந்த சமையல்காரரையும் இறக்கிவிட்டு அது போயிற்று. எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். தேடப் போன படகுகள் திரும்பும்வரை தங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி ஏஜெண்ட் ஒரு பழைய மரவிடுதியில் கொண்டுபோய் விட்டார்.

செருப்பைக் கழற்றினேன். வாசற்படியோரம் சின்னத் தட்டில் கூம்பாகக் குவித்த உப்பு. மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்தவனுக்கு உப்பைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கசப்பு இருக்கிறதா என்று தரம் பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். விடுதிக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்பா, அது திங்கறதுக்கு இல்லப்பா! கெட்டது உள்ள வரக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க." சமையல்காரருக்கு ஊர் பெரிய முதலியார்சாவடி, இந்தத் துறைமுகமும் இவர்கள் பாஷையும் அவருக்குப் பழக்கம். "சாமிக்கு வெச்சதையும் நக்கிப் பாக்கற அளத்துக்காரன் நீ ஒருத்தன்தான்!"

சிரித்துவிட்டேன். சிரித்த வாயிலேயே அது கரைந்தது. இந்தக் கடலின் உப்பு. அவன் கிடக்கிற கடலின் உப்பு.

மாலையில் கோரைப்பாய் விரித்த அறையில், குட்டை மேசை முன் அம்மாள் முழங்காலிட்டுப் பரிமாறினார். பச்சை மீன், சிப்பி, கடற்பாசி மிதக்கும் சாறு. கடலையே கொண்டுவந்து வைத்தது போல. வெறும் சோற்றை மட்டும் விழுங்கினேன்.

"பட்டினி கெடந்தா வந்துடுவானா? மீன எடுத்துக்கோப்பா."

"படகு வரட்டும்ங்க."

'ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேரா வாங்க' என்று ஊரிலிருந்து அனுப்பியவள் என் அம்மா. உயிர் இல்லையென்றால் உடம்பாவது வேண்டும். எங்கள் மாதா கோயில் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

மறுநாளிலிருந்து அம்மாள் மீனை நிறுத்திவிட்டு முட்டை வைத்தார். யாரும் சொல்லவில்லை, தானாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அந்தக் கரிசனம்தான் என்னைப் பயமுறுத்தியது. துக்க வீட்டுக்காரனைக் கவனிப்பது போல் இருந்தது.

ஒரு மத்தியானம் ஏஜெண்ட் வந்தார். அறைக்குள் வராமலே பேசினார்.

"நிறுத்திட்டாங்களாம்பா," என்றார் சமையல்காரர். "இனிமே தேட மாட்டாங்களாம்."

அம்மாள் என் முன்னால் முழங்காலிட்டு, பாயில் நெற்றி படக் குனிந்தார். எழவே இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் தெருவே அலறியிருக்கும். இங்கே ஒரு சத்தம் கிடையாது. எழுந்திருங்கள் என்று சொல்ல அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

"அவன் துணி ஏதாச்சும் இருந்தா குடுப்பா. பெட்டியில வெச்சி எடுத்துட்டுப் போலாம். சாமியார் மந்திரிச்சி அதையாச்சும் அடக்கம் பண்ணட்டும்" என்றார் சமையல்காரர்.

அவன் பெட்டி கப்பலோடு போய்விட்டது. குளிருக்கு நான் போட்டிருந்த ஸ்வெட்டர்தான் அவனுடையது. கழற்றவில்லை.