காப்ரியேலுக்கு ஒரு வேளைச் சோறு

கிணற்றில் வாளியை இறக்கும்போதெல்லாம் பேபிக்கு நெஞ்சு படபடக்கும். முடிச்சூரில் பொன்னுரங்கத்தின் வீட்டுப் பின்கட்டில் அவளும் புருஷன் துரையும் குடிவந்து மூன்று வருஷமாகியும் அந்தப் படபடப்பு போகவில்லை. வீடு கேட்டுப் போன அன்று, "நீங்க இன்னா ஆளுங்க?" என்று பொன்னுரங்கம் கேட்டதற்கு, கிறிஸ்டியன் என்று மட்டும் சொல்லி வைத்தான் துரை. பொய் இல்லை. ஆனால் சேரியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் கிணற்றைத் தொடவிட மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் பிறந்த ஊரில் மாதா கோயிலுக்குள்ளேயே இரண்டு பக்கம். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், சேரிக்காரர்கள் மறுபக்கம், நடுவே கம்பித் தடுப்பு. ஏழெட்டு வயதில் பீடத்துப் பூக்களைப் பார்க்கிற ஆசையில் அந்தப் பக்கம் போய் முழங்கால் போட்டவளை, யாரோ பின்னலைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். தாம்பரத்துக் கோயிலில் அப்படித் தடுப்பு எதுவும் கிடையாது. இருந்தாலும் அவள் வாசலோரமாகத்தான் உட்காருவாள்.

எண்பத்தெட்டில், இங்கே கல்லூரியில் படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பங்குச் சாமியார் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். ஒரே அப்பத்தில் பங்குகொள்கிற நாம் ஒரே உடல் என்று பவுலடியார் எழுதியதை வாசித்தார். பக்கத்தில் உட்கார அருவருக்கிறவன் நற்கருணை அப்பத்துக்கு நாக்கை நீட்ட வேண்டாம் என்றார். வீட்டுக்கு ஒரு மாணவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொன்னபோது, பேபியை ஒரு வார்த்தை கேட்காமல் துரை கையைத் தூக்கிவிட்டான். பொன்னுரங்கம் என்ன கேட்பாரோ என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

விருந்தாளியின் பெயர் காப்ரியேல். சூடானின் தென்பகுதிக்காரன். பனைமர உயரம். அடுத்த ஞாயிறு அவனை அழைத்து வர துரை பஸ் நிறுத்தத்துக்குப் போனான். காப்ரியேலோ முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, விசாரித்துக்கொண்டு வேறு வழியாகத் தெருவுக்குள் வந்துவிட்டான். பின்னாலேயே கூச்சலோடு ஒரு கும்பல். கேட்டை மறித்து நின்ற பொன்னுரங்கம் பேபியைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இந்தாளு உங்க வூட்டுக்கா வந்துகிறான்?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. பின்னலை யாரோ பிடித்திருப்பதுபோல் பிடரி கூசியது.

"தெரியாதுண்ணா. அட்ரஸ் மாறி வந்துட்டாப்ல கீது."

காப்ரியேலுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவளை ஒருமுறை பார்த்தான். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினான். உள்ளே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் துரை திட்டவில்லை. அவள் போட்ட சோற்றைத் தொடவும் இல்லை.  வாரம் பூராவும் கேட் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டாள். பொன்னுரங்கத்துக்குப் பயந்த பயம் ஒன்று; சாமியார் சொன்ன அந்த நாக்கின் பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் தூங்கவிடவில்லை.

மறு ஞாயிறு அவள் வாசலோரம் உட்காரவில்லை. நடுக்கோயிலைத் தாண்டிப் போய், காப்ரியேல் தனியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவன் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"தம்பி, அன்னிக்கு பொய் சொல்லிட்டேன். இன்னிக்கு வா."

"அக்காவுக்குப் பயம் இல்லையா?"

"பயம்தான். நீ வா."

பூசை முடிந்து துரையும் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்தார்கள். பொன்னுரங்கம் கேட்டிலேயே நின்றிருந்தார். அட்ரஸ் மாறி வந்த ஆள் திரும்பவும் எப்படி வந்தான் என்று கேட்டார். தங்கள் கோயிலைச் சேர்ந்தவர், சாப்பிட வந்திருக்கிறார் என்று துரை சொன்னான். பொன்னுரங்கம் அவனை விட்டுவிட்டுப் பேபியையே பார்த்தார். கண்டவனையெல்லாம் வீட்டுக்குள் விட்டுச் சோறு போடுகிறீர்களே, உண்மையில் நீங்கள் எந்த ஆளுங்க என்று கேட்டார்.

 பேபி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நாங்க காலனி ஆளுங்கண்ணா."

 அவர் வழியைவிட்டு விலகிப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.  பேபியின் காது வெளியிலேயே இருந்தது. காப்ரியேல் மெதுவாக இங்கிலீஷில் தன் ஊர்க் கதையைச் சொன்னான். சண்டையில் வீடு எரிந்தது, அண்ணன் காணாமல் போனது. வடக்கேயிருந்து வருகிற சிலர் தங்களை 'அடிமை' என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றான். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த துரை அதைத் தமிழில் சொன்னபோது பேபி நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கயுமா?" என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாயங்காலம் பார்த்தால் கிணற்றடியில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. அதுவரை தெருக் குழாயில் கடைசி ஆளாக நின்று தண்ணீர் பிடித்தாள். கோயிலிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் சாமியாரோடு கோபித்துக்கொண்டு வேறு கோயிலுக்குப் போயின. ஆனால் காப்ரியேல் இருந்த பெஞ்சில் பேபிக்குப் பக்கத்தில் மெல்ல மெல்ல வேறு சிலரும் உட்கார ஆரம்பித்தார்கள்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு ஓலை வீடு கிடைத்தது. சாமான் ஏற்றக் கைவண்டியோடு காப்ரியேலும் அவன் சிநேகிதர்கள் இருவரும் வந்தார்கள். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். யாராவது கல்லெடுத்து எறிந்துவிடுவார்களோ என்று பேபி பயந்தாள். எவரும் எறியவில்லை, எவரும் போய்வா என்றும் சொல்லவில்லை. தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் சைக்கிளும் லாரியும் சேர்ந்துபோய், அத்தனை கண்ணும் அந்த வண்டியின் மேல்தான் இருந்தன. பேபி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்கட்டையை இறுகப் பிடித்தாள். மின்சார ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போயிற்று. கேட் தூக்கியதும் காப்ரியேல் முன்னால் இழுக்க, அவள் பின்னாலிருந்து தள்ளினாள்.